பெயிலான ஆறு மாதமும் ஒரு பென்ஷனும்

என் கணவர் பரீட்சையில் தோற்றவர்தான் என்று நிரூபிக்க, நாங்கள் குடியிருந்த கவரைப்பேட்டைக்கும் திருவள்ளூருக்குமாக நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊரில் மற்றவளெல்லாம் புருஷன் பாஸ் பண்ணின பெருமையைப் பேசிக்கொண்டு திரிவாள். எனக்கு வாய்த்தது இப்படி.

அவர் ராணுவ டாக்டர். எழுபதுகளின் நடுவில் காது கோளாறால் விலகி வந்துவிட்டார். பீரங்கிப் பயிற்சி நடக்கிற இடத்தில் பல வருடம் இருந்ததில் வலது காது சுத்தமாகப் போய்விட்டது. பிறகு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் டாக்டராகச் சேர்ந்தார். ஒற்றைக் காதோடு ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஒப்பேற்றினார். ஒரு நாள் மேனேஜருக்கே நெஞ்சு வலி வந்தது. இவர் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அந்த ஆள் மூன்று முறை "இன்னா டாக்டர்?" என்று கேட்டும் இவருக்கு விழவில்லை. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

சரி, பென்ஷன் இருக்கிறதே என்று நாங்கள் தைரியமாகத்தான் இருந்தோம். எனக்கு ஆரம்பப் பள்ளி வாத்தியார் சம்பளம். இரண்டு பெண்கள். அந்தச் சம்பளத்தில் வாடகை போக அரிசி வாங்கலாம், மிஞ்சினால் எண்ணெய் வாங்கலாம், அவ்வளவுதான். பென்ஷன் வந்தால்தான் பெண்கள் படிப்பார்கள்.

கணக்கு இதுதான். இருபது வருடம் சேவை இருந்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன். குறைந்தால் கையில் ஒரு தொகையைக் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். இவர் சீருடை போட்டது பதினெட்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மருத்துவக் கல்லூரியின் கடைசி வருடங்களில் ராணுவமே உதவித்தொகை கொடுத்துத்தான் படிக்கவைத்தது. பேர் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறவரை அந்தப் படிப்பும் சேவைதான். அதையும் சேர்த்து இருபது தாண்டிவிடும் என்று சொல்லிவிட்டு விலகி வந்தவர் அவர்.

பென்ஷன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். "தங்கள் படிப்பு ஏப்ரலில் முடிந்ததாகத் தாங்களே படிவத்தில் எழுதியுள்ளீர்கள். ராணுவப் பணி நவம்பரில் தொடங்கியது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் தாங்கள் மாணவரும் அல்ல, அதிகாரியும் அல்ல. எனவே இருபது வருடத்துக்கு நான்கு மாதம் குறைகிறது. பென்ஷனுக்கு வழியில்லை."

"அந்த ஆறு மாசம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஒரு கழுதைகூட இல்லை. இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலேஜ்லதான் இருந்தேன்."

"ஏப்ரல்லயே பாஸ் பண்ணவர் நவம்பர் வரைக்கும் அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"அது வந்து... பிரசவப் பாடத்துல கோட்டை உட்டுட்டேன். திரும்ப அக்டோபர்ல எழுதி பாஸ் பண்ணேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம் பேசும்போது இவர்கள் வீட்டில் அடித்த தம்பட்டம் என்ன! முதல் தடவையிலேயே பாஸ் செய்த பிள்ளை என்று பத்திரிகையில்தான் போடவில்லை, மற்றபடி பந்தலுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார்கள். மாமியார் இருந்தவரை தெருவில் போகிற மாட்டுக்கும் அதைச் சொல்வார். ராணுவத்தில் படிவம் நிரப்பும்போதும் அந்தப் பெருமை விடவில்லை. ஏப்ரல் என்று எழுதி வைத்திருக்கிறார் மகானுபாவர். அங்கிருந்த குமாஸ்தா மார்க் ஷீட்டைப் புரட்டாமல் இவர் எழுதியதை அப்படியே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார். தன் பொய்யால் தானே ஆறு மாதத்தைக் காணாமல் அடித்துக்கொண்ட மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ராணுவக் குடியிருப்பில் பெரியவள் பிறக்கும்போது நான் வலியில் துடித்துக்கொண்டிருக்க, இவர் "ஒரு நிமிஷம்" என்று பக்கத்து அறைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார். மூன்று முறை போனார். அடடா, எவ்வளவு படிப்பாளி என்று அந்த வலியிலும் பெருமைப்பட்டேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்லவேண்டும்.

சண்டை போட நேரமில்லை. தவறாக எழுதிவிட்டேன், அக்டோபர்தான் சரி என்று பதில் போட்டார். மார்க் ஷீட் ஊர் ஊராக மாற்றலானதில் எப்போதோ தொலைந்துவிட்டதால் கல்லூரிக்கும் எழுதினோம். அந்த வருடத்துப் பதிவேடு மழையில் ஊறி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டதாக அங்கிருந்து பதில் வந்தது. பாஸ் பண்ணியதற்குச் சான்று கேட்டு ஆயிரம் பேர் வருகிறார்கள், பெயிலுக்கு இதுவே முதல் விண்ணப்பம் என்று அந்தக் குமாஸ்தா கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்.

பென்ஷன் ஆபீசோ, அப்படியானால் சாட்சி கொண்டு வா என்றது. தோல்வியை அப்போதே அறிந்தவர் ஒருவர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம் வேண்டும். எப்படி அறிந்தார், இத்தனை வருடம் கழித்தும் ஏன் நினைவில் இருக்கிறது என்பதையும் அதில் சொல்லவேண்டும்.

முதலில் இவரோடு படித்த ஒருவரைப் பிடித்தோம். பாவம், நல்ல மனுஷன். உற்சாகமாக எழுதிக் கொடுத்தார். 'நாங்கள் இருவரும் சேர்ந்தே தோற்றோம், சேர்ந்தே அழுதோம், சேர்ந்தே ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டோம்' என்று. ஆபீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. சாட்சியும் தோற்றவர், தோழமைக்காகச் சொல்லக்கூடியவர், நினைவில் இருப்பதற்குத் தகுந்த காரணமும் கூறவில்லை. இனி ஒரே ஒரு வாய்ப்புதான், முப்பது நாளுக்குள் வேறு சாட்சி வராவிட்டால் கோப்பு மூடப்படும்.

கும்மிடிப்பூண்டியில் இருந்த அவருடைய அண்ணனிடம் போனேன். பெரிய மனுஷர், லாரி வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா பேசற நீ? எங்க ஊட்ல எவனும் பெயிலானது கெடையாது."

"அவரே ஒத்துக்கினார் மாமா."

"அவனுக்கு இன்னா தெரியும்? அவன் பாஸ். எங்கம்மா அன்னிக்கு தெருவுக்கே பாயசம் ஊத்தினாங்க. அந்தப் பாயசத்த நானே குடிச்சிருக்கேன். பெயிலுன்னு நான் கையெழுத்துப் போட்டா எங்கம்மா ஆத்துமா சும்மா உடுமா?"

"பென்ஷன் போயிடும் மாமா. பொண்ணுங்க ரெண்டு பேரும் படிக்கணும்."

"டப்பு வேணும்னா என்னைக் கேளு. மானத்தக் கேக்காத."

டப்பு கேட்டால் கொடுப்பாரா என்றும் கேட்டுப் பார்த்தேன். ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊர் உலகத்தில் ஒருவர்கூட இந்த மனுஷன் தோற்றதைப் பார்க்கவில்லையா? அப்படியா கட்டுக்காவலாகத் தோற்பார் ஒருவர்?

யோசனை கேட்கத்தான் திருவள்ளூரில் என் அப்பாவிடம் போனோம். அவர் கோர்ட்டு அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகச் சம்மன் கொடுத்து, ஆள் இல்லை என்று சொன்னால் அடுக்களை வரை எட்டிப் பார்க்கிற ஜாதி. எந்த வக்கீலை எப்படி மடக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். என் கணவர் மட்டும் உள்ளே வர மறுத்தார். மாமனாருக்கு இந்த விஷயம் தெரியக்கூடாது, தெரிந்தால் தன் முகத்தில் விழிக்கமாட்டார் என்று வாசலிலேயே நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

நான் சொல்லி முடிக்கிறவரை அப்பா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கா பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க? நான் போடறேன் கையெழுத்து."

"பொய் சாட்சி சொல்லக்கூடாது நைனா. அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

"அப்பவே தெரியும்."

என் கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றார். உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை.

மறுநாள் காலை கோர்ட்டுக்கு எதிரில் இருந்த நோட்டரி வக்கீலின் அறைக்குப் போனோம். அப்பாவைக் கண்டதும் வக்கீல் எழுந்து கும்பிட்டார். டைப் அடிக்கிற பெண் பத்திரத் தாளைச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"எப்படித் தெரியும்னு சொல்லுங்க பெரியவரே."

"பையன் வரன் வந்ததும் நானே மெட்ராசுக்குப் போயி, காலேஜுல பியூனுக்கு நாலணா குடுத்து ரிஜிஸ்டரத் தொறக்கச் சொல்லிப் பாத்தேன். ஏப்ரல்ல பெயிலு, அக்டோபர்ல பாஸு. சம்மன் குடுக்கறவன், பாக்காம உடுவேனா?"

தட்டச்சு கடகடவென்று ஓடியது. என் கணவர் காதுமடல் சிவக்கத் தரையைப் பார்த்தார். பதினெட்டு வருடமாகத் திருவள்ளூர் வீட்டில் அவர் டாக்டர் தோரணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததை எல்லாம் என் அப்பா தெரிந்துகொண்டேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் இவ்வளவு நாள் ஞாபகம் இருக்குன்னும் எழுதணும்" என்றாள் அந்தப் பெண்.

அப்பா முதல்முறையாகத் தயங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வக்கீல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் பெயிலானதாலதானே இவளக் குடுத்தேன். ஒரே தடவைல பாஸ் பண்ண டாக்டருங்க அப்ப இன்னா கேட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அமீனா சம்பளத்துல எங்க போறது? இவளும் கறுப்பு. பெயிலான பையன் ஒருத்தன் கெடச்சான். நமக்கு இவன்தான் கட்டுப்படியாவும்னு முடிச்சேன். அவங்க பெருமை பேசட்டும்னு உட்டுட்டேன். மறப்பனா?"

தட்டச்சு நின்றுவிட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதையும் அடிக்கவா?"

என் கணவர், "வேணாம், விடு, போலாம்" என்று மெல்லச் சொன்னார். நிஜமாகவே எழுந்துவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய பதினெட்டு வருடப் புளுகை நான் அங்கேயே மன்னித்துவிட்டேன். ஆனால் பெண்கள் படிக்கவேண்டும். முப்பது நாளில் இருபத்தேழு போய்விட்டது.

"அடிம்மா. ஒரு வார்த்தை விடாம அடி" என்றேன்.

அப்பாவோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவர் பஸ் ஏறி வந்து வாசலில் உட்கார்ந்தபோது காப்பி மட்டும் கொடுத்தேன், சர்க்கரை போடாமல்.

பென்ஷன் உத்தரவு வந்தது. தோற்ற ஆறு மாதமும் சேவையாகச் சேர்க்கப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் இரண்டு மாதம் அதிகமாகவே வந்திருந்தது. கூடவே பிரமாணப் பத்திரத்தின் நகல் ஒன்றும் இருந்தது. அப்பா சொன்ன அந்தக் கடைசி வரிகளின் கீழே யாரோ ஓர் அதிகாரி சிவப்பு மையால் கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார். 'காரணம் இயல்பானது. முழுமையாக நம்பத்தக்கது.'