சாவிக்கொத்தும் நடத்தை விதியும்

மலேசியாவின் ஈப்போவில் கிளினிக் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்களுக்கு டாக்டரே வைத்தியம் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று எங்கள் நடத்தை விதி சொல்கிறது. அதை எழுதியவருக்குச் சொந்தபந்தமே இல்லை போலிருக்கிறது. கல்யாண வீட்டில் இலையில் சோறு விழும் முன்பே யாராவது "இதப் பாரும்மா" என்று என்னிடம் முட்டியைக் காட்டிவிடுவார்கள்.

என் அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பழைய ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக் கோப்பெங் பள்ளியில் இறக்கிவிடுவான். போன கிறிஸ்துமஸுக்கு என் வீட்டு விருந்தில் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். கைகால் வெட்டி இழுத்தது. நான் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அதற்குள் வீடே இரும்பு தேடி ஓடி, பேருந்துச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தது. வலிப்பு நின்றது. பாராட்டெல்லாம் சாவிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் எழுந்து அதே சாவியோடு வீட்டுக்குப் போகப் பேருந்தை எடுக்கக் கிளம்பினான். அன்றைக்கு மட்டும் பிடுங்கி வைத்துக்கொள்ள முடிந்தது.

அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று கேட்டு என்னிடமே வந்தான். விதியைச் சொன்னேன். வேறு டாக்டரிடம் போய் வலிப்பு வந்ததையும் சொல் என்றேன். பக்கத்து ஊரான பத்து காஜாவில் ஒரு டாக்டரிடம் போனான். வலிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. சான்று கிடைத்துவிட்டது.

"ஏண்ணே சொல்லல?" என்றேன்.

"ஒரே வாட்டி லா. சாவி கொடுத்ததும் நின்னுருச்சு இல்ல?"

"பஸ் ஓட்டுறப்ப வந்தா பிள்ளைங்க கதி என்னாவுறது?"

"ஓட்டுறப்ப சாவி பக்கத்துலதானே இருக்கு."

இதற்குப் பதில் எந்த விதியிலும் இல்லை. நான் கெஞ்சினேன், அண்ணியும் கெஞ்சினார். அவன் மறுநாளும் பிள்ளைகளை ஏற்றப் போனான். அவனிடம் சொல்லிவிட்டே அந்த டாக்டருக்குப் போன் போட்டேன். சான்று ரத்தானது. செய்தது சரிதான், இன்னொரு முறை இப்படி நேர்ந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் பேருந்து அவன் வீட்டு வாசலில் சும்மா நிற்பதைப் பார்த்தபோது மனசு தாங்கவில்லை.

நரம்பு டாக்டரிடம் அவனுக்கு நாள் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் வாடி போடி என்றே என்னைக் கூப்பிட்டவன் கதவைத் திறந்தான்.

"வாங்க டாக்டர். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அண்ணி கொண்டுவந்த தேத்தண்ணியை அவனே வாங்கி, இரண்டு கையாலும் எனக்கு நீட்டினான்.