கூரைக்குக் கீழே பன்றி

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் சொந்தமாக ஒரு வீடு வாங்கினோம். வீடு என்றால், அகலம் ஒரு பஸ் அளவுதான். ஆனாலும் கூரை எங்களுடையது. அப்போது நான் ஒரு தையல் பக்டரியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் ஒரு கொரியாக்காரி. எங்கள் இரண்டு பேருடைய இங்கிலீசையும் கூட்டினாலும் ஒரு ஆளுக்குக் காணாது. அப்படியிருந்தும் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். என் வீட்டுக்காரரோடு அது இருபது வருடத்திலும் நடக்கவில்லை.

வீட்டுச் செய்தி கேட்டு, தடித்த தாளில் கறுப்பு மையால் எழுதிய ஒற்றை எழுத்தொன்றைக் கொண்டுவந்து தந்தாள். தன் அப்பா தூரிகையால் எழுதியது என்றாள். "வீட்டுக்கு நல்லது," என்றாள். அவ்வளவுதான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்காக யாருக்கு முன்னாலும் தலை குனிந்ததில்லை. குறுக்கும் நெடுக்குமாய்க் கோடு, அதுவும் வீட்டுக்கு நல்லது என்றால், எனக்குத் தெரிந்தது யந்திரத் தகடுதான். சட்டம் போட்டு, சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டேன்.

புது வீட்டுக்குக் குடிபூரலன்று ஐயர் அதற்கும் சேர்த்துத் தீபம் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அன்றைக்கு வெம்பிளியில் இன்னொரு வீடு இருந்தது. வீட்டுக்காரரின் அக்கா, என் மச்சாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்.

"நல்ல சக்தியான யந்திரம். எந்தக் கோயில்ல எழுதுவிச்சனீர்?"

"அது வெளியில சொல்லுறேல்லை, மச்சாள்."

சாப்பாட்டு நேரத்துக்குக் கொரியாக்காரி வந்தாள். சாமித்தட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு. மச்சாள் விடாமல் அர்த்தம் கேட்டார். அவள் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். சீன எழுத்தாம், தாங்கள் 'கா' என்று வாசிப்பார்களாம், பொருள் வீடு. தங்களுக்கென்று சொந்த எழுத்து இருந்தாலும் பெரிய காரியத்துக்கு இதுதானாம். நாங்களும் வீட்டில் தமிழ் பேசிவிட்டு ஐயரைக் கொண்டு சமஸ்கிருதம் சொல்விப்பவர்கள்தானே. மேலே இருப்பது கூரை. கீழே இருப்பதற்கு அவளுக்கு வார்த்தை வரவில்லை. மூக்கை நிமிர்த்தி உறுமிக் காட்டினாள். பன்றி. அந்தக் காலத்தில் பன்றியை வீட்டுக்குள்ளேயே வளர்த்தார்களாம். கூரைக்குக் கீழே அதைப் பலி கொடுத்ததால் வந்தது என்பவர்களும் உண்டாம்.

மச்சாள் கும்பிட்ட கையைச் சேலையில் துடைத்தார்.

"சைவ வீட்டில, சாமிக்குப் பக்கத்தில பண்டியோ? எடும் அதை. ஐயரைத் திரும்பக் கூப்பிடும்."

வீட்டுக்காரர் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொரியாக்காரிக்குத் தமிழ் தெரியாது. முகம் தெரியும். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தாளை எடுத்தால், அவள் அப்பாவின் கைவேலை அவள் கண்முன்னாலேயே குப்பைக்குப் போகும். இந்த வீட்டில் யார் சொல் செல்லும் என்பதும் முதல் நாளே முடிவாகிவிடும்.

"மச்சாள், சிவன்ர அடியைத் தேடிப் பண்டியாய் நிலத்தைக் கிண்டிக்கொண்டு போனது ஆர்?"

"அது... விஷ்ணு."

"கண்டுபிடிச்சவரோ?"

"இல்லை."

"அப்ப இன்னும் தேடுறார். களைச்சுப்போய் ஈஸ்ட் ஹாமில நிக்கிறார். நிக்கட்டும்."

மச்சாள் வாயைத் திறப்பதற்குள் கொரியாக்காரியின் கையைப் பிடித்து அவருக்குப் பக்கத்தில் இருத்தி, இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். மச்சாள் கோபத்தோடேயே கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

எழுத்து இன்றும் அதே இடத்தில்தான். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் மோதகம் வைக்கிறேன். இந்த வீட்டுப் பன்றி சுத்த சைவம்.