சித்தப்பா ஜீப்பில் வயர்லெஸ் மாட்டிய கதை

சித்தப்பாவுக்குக் கல்யாணமான வருடம்தான் அவருடைய ஜீப்பில் வயர்லெஸ் மாட்டினார்கள். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. திண்டுக்கல்லில் குண்டு விழும் என்று யாரும் நம்பவில்லை. இருந்தாலும் தீயணைப்புக்குத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். சொந்த வண்டி உள்ளவர்களுக்கு அதில் தனி மரியாதை. கடலை மண்டி வேலையாக ஊர் ஊராகப் போய்வர அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கியிருந்த பழைய ஜீப்பை, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சித்தப்பா அந்தத் தொண்டுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பட்டாளத்தில் கழித்துவிட்ட வயர்லெஸ் பெட்டிகள் இரண்டு வந்தன. ஒன்று பயர் ஆபீசுக்கு, இன்னொன்று சித்தப்பாவுக்கு. மாட்டுவதற்கு ரேடியோ மெக்கானிக் ஒருவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். ஜீப்பின் பின்பக்கத் தகரத்தில் அவர் துளை போட ஆரம்பித்ததும் அப்பா வெளியே வந்துவிட்டார்.

"நல்லா இருக்கிற வண்டியில எதுக்குய்யா ஓட்டை போடுறீக?"

"ஏரியல் நிக்கணும்ல. பெயிண்டச் சொரண்டித் தகரத்தைத் தொட்டாத்தான் எர்த் கிடைக்கும்."

பெயிண்டையும் சுரண்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மெக்கானிக் முன்சீட்டுகளுக்கு நடுவே பெட்டியை வைத்து முறுக்கினார். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்தார். இன்ஜின் ஓடும்போது பெட்டியில் கேட்ட கரகரப்பைக் குறைக்க, பிளக் வயர்கள் ஒவ்வொன்றிலும் ஏதோ குப்பி போல ஒன்றைச் செருகினார். ஏரியல் இரண்டாள் உயரம். சாலையோரப் புளியமரங்களில் இடிக்காமலிருக்க அதன் நுனியை வில் மாதிரி வளைத்து முன் பம்பரில் கயிறு போட்டுக் கட்டினார். பேசும்போது மட்டும் அவிழ்த்துவிட வேண்டும்.

"இதுல பாட்டு வருமா?" என்று அம்மா கேட்டாள்.

"பேச்சு மட்டுந்தான் மதினி," என்றார் சித்தப்பா.

போகும்போது மெக்கானிக், தாடிக்கொம்புப் பக்கம் மேடு மறைப்பதால் அங்கே சரியாகக் கேட்காது என்றும், பழனி ரோட்டில் போய்ச் சோதித்துப் பார்க்கும்படியும் சொன்னார். சித்தப்பா நன்றாகத்தான் தலையாட்டினார். ஆனால் மறுநாள் சாயங்காலம் வண்டியைத் தாடிக்கொம்பு ரோட்டில் திருப்பினார். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒருவர் மைக்கில் பேச வேண்டும், ஒருவர் ஏரியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சித்தியையும் கூட்டிக்கொண்டார். புதுப்பெண்ணைப் புருஷனோடு தனியாக அனுப்பினால் தெரு என்ன பேசும் என்று அம்மா என்னைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டாள். எனக்கு எட்டு வயதிருக்கலாம்.

சித்தியின் ஊர் தாடிக்கொம்பு தாண்டி, குடகனாற்றுக்கு அக்கரையில் இருந்தது. கல்யாணத்தன்று பெண்வீட்டார் பந்திக்கு எல்லோரையும் அழைத்தார்கள், அப்பாவை மட்டும் அழைக்க மறந்துவிட்டார்கள். அவர் பசியோடு மாலை வரை விறைப்பாக உட்கார்ந்திருந்து, அப்படியே வீட்டுக்கு வந்தவர். அவர்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் பெண்ணை அனுப்புவதில்லை என்பது அவர் தீர்ப்பு. அவர்களுக்கும் ரோஷம் இருந்தது. ஆகக் கல்யாணமாகி மாதங்களாகியும் சித்தி பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. இதையெல்லாம் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஜீப்பில் போவதுதான் முக்கியமாக இருந்தது.

ஆற்றங்கரைக்கு முன்னால் ஒரு பாறைமேட்டில் சித்தப்பா வண்டியை நிறுத்துவார். ஏரியலை அவிழ்ப்பார். "ஹலோ, கேக்குதா?" என்பார். பெட்டி இரையும். பதில் வருகிறதா என்று காத்திருக்கமாட்டார். "கேக்கலே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பீடி பற்றவைப்பார். சித்தி கீழே இறங்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னைகளுக்கு நடுவே தெரியும் ஓட்டு வீடுகளையும் கூரை வீடுகளையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். சித்தப்பாவுக்கு வயர்லெஸ் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். கேட்காத இடத்திலேயே போய்த் தினம் கேட்குமா என்று பார்ப்பவரை வேறு என்ன நினைப்பது?

அன்றைக்கு மேட்டில் ஏறும்போதே சித்தி எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னங்க, எங்க களத்துல புகை வருது."

சாயங்காலக் காற்று பலமாக அடித்தது. களத்தில் வைக்கோல் போர் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அடுத்த போருக்குத் தாவினால் அதற்கப்புறம் கூரை வீடுகள். சித்தி இறங்கி ஓடப் பார்த்தாள். சித்தப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஓடி என்ன செய்வ? இதைப் பிடி. பயர் இன்ஜின் வர்ற வரைக்கும் விடாமப் பேசு. நான் போறேன்."

மைக்கை அவள் கையில் திணித்துவிட்டு, தீயணைக்கவென்று வண்டியில் கொடுத்திருந்த கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுமணலில் இறங்கி ஓடினார்.

சித்தி வேற்று ஆண்களிடம் பேசி நான் பார்த்ததில்லை. மைக்கை வாயருகே வைத்து, "எங்க ஊருல தீப்பிடிச்சிருச்சு," என்றாள். இரைச்சல்தான் வந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி இரைச்சல். அவசரத்தில் சித்தப்பா ஏரியலை அவிழ்க்க மறந்திருந்தார். அது அவள் கண்ணில் பட்டது. பம்பரருகே மண்டியிட்டு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஏரியல் விசுக்கென்று நிமிர்ந்து ஆடியது. இந்த முறை யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல் வந்தது.

"யாரு பேசுறது? பேரச் சொல்லுங்க."

ஜீப்புக்கு அடையாளமாக பயர் ஆபீசில் வைத்திருந்தது சித்தப்பாவின் பெயர். சித்தி வாயைத் திறந்தாள், மூடினாள். "அவுக வீட்டுல பேசுறேன்," என்றாள்.

"எவுக வீட்டுல?"

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மைக்கை என்னிடம் நீட்டினாள். "பாப்பா, சித்தப்பா பேரைச் சொல்லு."

நான் உரக்கச் சொன்னேன். அதன்பிறகு அவள் தடுமாறவே இல்லை. எந்த ஊர், எந்தக் களம் என்பதைச் சொன்னாள். தெரு வழியே வந்தால் வண்டி திரும்பாது, ஆற்றோர வண்டிப்பாதையில் வரவேண்டும் என்றாள். பயர் இன்ஜினின் மணிச்சத்தம் காதில் விழும்வரை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி கேட்டதும் மைக்கைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து ஓடினாள்.

இரண்டு போர்கள் போயின. வீடுகள் தப்பின. சித்தப்பா புருவம் கருகி, முகமெல்லாம் கரியாகக் களத்தில் உட்கார்ந்திருந்தார். சித்தியின் அம்மா அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தீ அணைந்த பிறகு எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நெருப்புக்கும் சாவுக்கும் அழைப்பு வேண்டியதில்லை என்று சொல்லி மறுநாள் அப்பா அங்கே போனார். மாட்டுக்கென்று ஒரு வண்டி வைக்கோலும் கொண்டுபோனார். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டார் என்று அம்மாவிடம் சித்தப்பா சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். சித்தி சில நாள் அங்கே தங்கிவிட்டு, கை நிறைய வளையலும் ஒரு தூக்குவாளி முறுக்குமாகத் திரும்பி வந்தாள்.

அன்று சாயங்காலம் நான் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வெகுநேரம் யாரும் வரவில்லை. உள்ளே போய்ச் சித்தப்பாவைக் கேட்டேன்.

"இனிமே டெஸ்ட் எதுக்குப் பாப்பா? நல்லாக் கேக்குது," என்றார். பக்கத்தில் நின்ற சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெட்டியில் ஒரு வயரைக்கூட யாரும் மாற்றவில்லை. மெக்கானிக்கும் வந்து பார்க்கவில்லை. பிறகு எப்படித் திடீரென்று நன்றாகக் கேட்க ஆரம்பித்தது என்று அன்று இரவு முழுதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.