அக்கா யாரையும் லேசுல நம்பாது

எங்க அக்காவ பத்தி எழுத இந்த தேயில தோட்டத்துலயே என்ன விட்டா ஆளில்ல. பொய்ங்க. எனக்கு கையெழுத்து போடவே நாக்கு வெளிய வந்துரும். நான் வாயால சொல்றேன், அக்கா மக எழுதுறா. தப்பு இருந்தா அவள கேளுங்க.

அக்கா பொறந்தது பொகவந்தலாவ பக்கம் ஒரு லயத்துல, தோட்டத்து ஆளுங்களோட வரிச வீட்டுல. அப்பா அம்மா சீக்கிரம் போயிட்டாங்க. என்ன வளத்து ஆளாக்குனது அக்காதான். பாதி ஆளுதான் ஆனேன், அதுக்கு அக்கா பொறுப்பில்ல. கல்யாணம் கட்டி கொத்மல பக்கம் வந்தப்பவும் என்னய சட்டி பானையோட சேத்து கூட்டியாந்துச்சு.

கொழுந்து நிறுக்கயில அக்கா தராசு முள்ளுகிட்ட கண்ண வச்சி பாக்கும். "முள்ள முழுங்கிருவ போலயேம்மா"ம்பாரு கணக்கப்பிள்ள. "நீங்க முழுங்காம இருந்தா சரிங்கய்யா"ங்கும்.

அந்த அக்காகிட்டதான் மிட்வைப் மிஸ்ஸி வந்து, "கர்ப்பப்பை வாயில கேன்சர் இருக்கான்னு பாக்கணும், கிளினிக்குக்கு வாங்க, காசு வேணாம்"னாங்க. காசு வேணாம்ன ஒடனே அக்கா முழிச்சிக்கிச்சு.

"நோவில்லாதவள எதுக்குடி கூப்புடுறாங்க? முன்ன ஏதோ சொல்லி கூட்டிட்டுப் போயி, புள்ள பெறாம ஆப்பரேசன் பண்ணி வுட்டாங்கன்னு சொல்வாங்கல்ல?"

லயமே ஆமான்னுச்சு. எனக்கும் சந்தேகம். அது என்ன பொம்பளைங்களுக்கு மட்டும்னு கேட்டேன். "ஒங்களுக்கும் கர்ப்பப்பை இருந்தா போயிட்டு வாங்க"ன்னா என் பொண்டாட்டி.

பொறகு, தீட்டு நின்ன வயசுல அக்காவுக்கு ரத்தம் பட்டிச்சு. சூடுன்னு வெந்தயத்த தின்னுச்சு. தண்ணி கொட்டுற பீலிக்கு எல்லாரும் போயி வந்த பொறகு தனியா போயி துணி தொவைக்கும்.

"இதயும் எழுதவா மாமா?"ன்னு அக்கா மக கேக்குறா. எழுதும்மா. மறைச்சி மறைச்சிதான் நோவு முத்துச்சு. முன்னமே டெஸ்ட் பண்ணியிருந்தா புடிச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.

கடைசியில, பாக்க வந்த பொம்பளைங்கள கட்டில சுத்தி உக்கார வச்சி அக்கா சொல்லுச்சு: "சந்தேகப்படுங்கடி. ஆனா வீட்டுல இருந்துக்கிட்டு சந்தேகப்படாதீங்க. தொணைக்கு ஆள கூட்டிட்டுப் போயி கதவுகிட்ட நிக்க வைங்க. என்ன பண்றீங்கன்னு மிஸ்ஸிய கேட்டுக்கிட்டே இருங்க."

பல பேரு போயிட்டு வந்துட்டாங்க. என் பொண்டாட்டிதான் அசையல. இன்னைக்கி கிளினிக் நாளு. விடிஞ்சதுலருந்து அடுப்படிய வுட்டு நகரல.

அக்காவ ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுன பயலுகளுக்கும், சாவு வீட்டுல விடிய விடிய தேத்தண்ணி ஊத்துனவங்களுக்கும் பெரிய கும்புடு. மிட்வைப் மிஸ்ஸிக்கும் ஒரு கும்புடு போடணும். ஆனா அவங்க தூக்கிட்டு வர்ற அந்தப் பெட்டி இருக்கே, அதுக்குள்ள என்னதான்...

"என்னங்க! சீல மாத்திட்டேன். வந்து கதவுகிட்ட நிக்கிறதுன்னா வாங்க. இல்லன்னா அவுத்து போட்டுட்டு மலைக்கி கொழுந்து பறிக்க போயிருவேன்."

வுடு புள்ள, எழுதுனது போதும். என் செருப்பு எங்க?