இடியப்பத் தட்டு வெந்த காலை

எங்கள் மகள் டொரண்டோவில் இருக்கிறாள். அவளுக்கு முதல் பிள்ளை பிறக்கவிருந்தது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் போய்க் கூட நிற்பது எங்கள் ஆட்களிடத்தில் பேசித் தீர்மானிக்கிற விஷயம் அல்ல; விசா வந்தால் போவதுதான். விசாவும் வந்துவிட்டது. தடையாக இருந்தது நான்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. டொக்டர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைத்தேன். அவர் செய்தியைச் சொன்ன அன்று வெள்ளவத்தையில் கிளினிக் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். அதன் பிறகு விரல் விறைத்தால் நரம்பு, கண் கடித்தால் பார்வை, கொட்டாவி வந்தால் மூளை என்று உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மரணத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டில், நெஞ்சு இறுகுகிறதென்று பந்தியிலிருந்து பாதியில் எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி வெளிறிப்போனாள். யாரோ வாகனம் எடுக்க ஓடினார்கள். கடைசியில் பெரிய ஏப்பம் ஒன்று வந்து என்னைக் காப்பாற்றியது. மாப்பிள்ளை வீட்டார், பொம்பிளை வீட்டார் இரு பகுதியும் அதைக் கேட்டார்கள்.

இப்படிப்பட்ட மனுசனை மூன்று மாதம் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் அவளுடைய கவலை. மத்தியானத்துக்கு அலுவலகக் கன்டீனில் சோறும் கீரையும் உண்டு. இரவுக்குக் குரக்கன் பிட்டு அவிக்கிற கடை பக்கத்திலேயே இருக்கிறது. காலைதான் ஓட்டை. காலையில் என்னைத் தனியே விட்டால் கால்கள் தாமாகவே தெருமுனைப் பேக்கரிக்குப் போய், மீன் வைத்த மாலுபாணும் ரோல்ஸும் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரேயொரு காலமைச் சாப்பாடு," என்றாள். "என்ர கையில்லாமல் நீங்களாச் செய்து காட்டுங்கோ. அண்டைக்கே டிக்கெட் போடச் சொல்லுறன்."

மகளிடம் முறையிட்டேன். அவள் போனில் ஒரு முறையைச் சொல்லித் தந்தாள். "அப்பா, இது பிழைக்கவே பிழைக்காது, ஆர் செய்தாலும் சரிவரும். முட்டையை அடியுங்கோ, மரக்கறியை வெட்டிப் போடுங்கோ, ஒவனுக்குள்ள வைச்சிட்டுக் குளிக்கப் போங்கோ. நீங்கள் குளிச்சு முடிய அதுவும் வெந்திருக்கும்."

"பிழைக்காது எண்டு ஆக்கள் சொன்னதுகளைத்தான் பிள்ளை நான் இவ்வளவு காலமும் பிழைக்கப் பண்ணினனான்."

"பகிடி விடாதேங்கோ அப்பா. எனக்கு அம்மா வேணும்."

அதற்குப் பிறகு பகிடி வரவில்லை.

அவள் சொன்ன மரக்கறிகளில் பாதி, பெயர் தெரியாத இலைகள். வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் போனேன். எங்களுக்கு வழக்கமாக மரக்கறி தருகிற சிங்களவர் என்னைத் தனியே கண்டதும் பின்னால் எட்டிப் பார்த்தார். "மொகத மாத்தயா, நோனா கோ?" என்ன ஐயா, அம்மா எங்கே என்று கேட்கிறார். கரட்டைக்கூட என் கையில் நம்பித் தர அவருக்கு மனமில்லை. லீக்ஸ், கரட், தக்காளி, கறிமிளகாய், ஒரு கட்டு முருங்கையிலை என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விரதம், முட்டை தொடுவதில்லை. அதனால் சனிக்கிழமை காலை என்று முடிவாகியது. மகளுக்குப் பத்தியக் கறி வைக்கிற சரக்குத் தூளைத் திரிக்க மனைவி மில்லுக்குப் போனாள். போகும்போது கேஸைப் பார், கத்தியைப் பார் என்று எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்ல மறந்தாள்.

நான் வெட்டினேன். லீக்ஸின் மண்ணைக் கழுவி, கரட்டைத் துருவி, முருங்கையிலையை உருவி, எல்லாவற்றையும் ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கினேன். நான்கு முட்டையை மிளகும் உப்பும் போட்டு அடித்து, வதக்கியதை அதற்குள் கலந்தேன். பச்சையும் சிவப்புமாக அந்தக் கோப்பை பார்க்க வடிவாக இருந்தது. சீனி வருத்தக்காரனின் வாழ்க்கையில் நிறம் இருக்கும் என்று அதுவரை நான் நினைத்திருக்கவில்லை. ஒவனை முதலிலேயே சூடாக்கி வைக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். நூற்றெண்பதில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது. எனக்கே என்னில் ஒரு மரியாதை வந்தது.

எங்கள் மாடியில் எந்தக் குசினியிலும் போய்ப் பார்க்கலாம்: ஒவன் என்பது ஓர் அலுமாரி. அதற்குள் தாச்சி இருக்கும், மூடி தொலைந்த டப்பாக்கள் இருக்கும். மகளின் சின்ன வயதுப் பிறந்தநாள்களுக்குக் கேக் அடித்ததோடு எங்கள் ஒவனின் உத்தியோகம் முடிந்துவிட்டது. அதற்குள்தான் மனைவி இடியப்பத் தட்டுகளை அடுக்கி வைப்பாள். கரப்பான் போகாது, தூசி படாது. பிளாஸ்டிக் தட்டுகள்.

முதலில் ஒரு மணம் வந்தது. என் மூளையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன்; பக்கவாதத்துக்கு முன்னால் கருகிய மணம் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். முகத்தை இரண்டு பக்கமும் கோணிப் பார்த்தேன். சரியாகத்தான் கோணியது. அதற்குள் புகை.

வீடு எரிந்தால் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள் என்று கேட்பார்களே. அதற்கான பதில் என்னிடம் இருக்கிறது. அடையாள அட்டை இல்லை, காணி உறுதி இல்லை, மருந்துப் பெட்டிகூட இல்லை. நான்கு முட்டை அடித்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு உடுத்த சாரத்தோடு வெளியே ஓடினேன்.

எதிர் வீட்டு முஸ்லிம் நானா கதவைத் திறந்தார். புடவைக்கடை வைத்திருப்பவர், நிதானமான மனிதர்.

"என்ன சேர், வூட்டுல என்னமோ கருகுது! கரண்ட ஓஃப் பண்ணினீங்களா?"

"இல்லை."

"உள்ளுக்கு யாரும் இருக்காங்களா?"

"இல்லை."

"அப்ப இந்த முட்டய ஏன் சேர் காப்பாத்திட்டு நிக்கிறீங்க?"

அவர்தான் உள்ளே போய்ச் சுவிட்சை நிறுத்தினார், ஜன்னல்களைத் திறந்தார். புகை கடற்கரைப் பக்கமாகப் போனது. கொஞ்சம் ஆறியதும் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவனின் கதவைத் திறந்தார். தட்டுகள் உருகி, கம்பிகளுக்கு இடையால் வெள்ளை வெள்ளையாக, இழை இழையாகக் கீழே இறங்கியிருந்தன.

நானா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "தட்டே இடியப்பம் புழிஞ்சிருக்கு, சேர்," என்றார்.

மனைவி வந்தபோது கையில் தூள் பொதி இன்னும் சூடாக இருந்தது. மல்லியும் மிளகும் மணத்தன. அந்த மணம் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவள் ஒவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உள்ளுக்குப் பாத்தனீங்களோ?"

"ஒவனுக்குள்ள ஒவன்தானே இருக்கும் எண்டு நினைச்சன்."

அவள் சிரிக்கவில்லை. பொதியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். "நான் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு விடுறன், வரேல்லை எண்டு," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைப்பாகச் சொன்னாள்.

அந்த நேரம் என் நெஞ்சு உண்மையாகவே இறுகியது. ஏப்பம் வரும் வகை அல்ல.

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் குசினி நிலத்தில் இருந்து பிளாஸ்டிக்கைச் சுரண்டினோம். நான் பழைய கத்தியால், அவள் தோசைக் கரண்டியால். உருகி இறுகியது இலேசில் கழலவில்லை.

"நான் போறது உங்களுக்கு விருப்பமில்லையோ?" என்று கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

ஒரு பகிடி வாய்வரை வந்தது. விழுங்கினேன். "சீனிக்கு நான் இவ்வளவு பயப்பிடேல்லை. விடிய எழும்பேக்க குசினியிலை ஒரு சத்தமும் கேளாது. அதுதான்."

விரல் விறைப்பு, கண் கடி, கொட்டாவி எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து இந்த ஒரு வசனத்துக்குள் நிற்பதை நானே அப்போதுதான் கேட்டேன். வருத்தம் வந்தால் அவள் என்னைப் பார்ப்பாள். அதனால்தான் எனக்கு இத்தனை வருத்தங்கள் தேவைப்பட்டன.

அவள் கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "அதுக்கு முட்டை சரிவராது," என்றாள் பிறகு. "ரேடியோவைப் போடுங்கோ."

ஞாயிறு காலை அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். நான் ஒவனைத் திறந்தேன், குனிந்து பார்த்தேன், கையை விட்டும் தடவினேன். பிறகுதான் சுவிட்ச். முந்தின நாள் காப்பாற்றிய முட்டைக் கலவை பிரிட்ஜில் இருந்தது. அதைக் கேக் தட்டில் ஊற்றி, மேலே தக்காளி வட்டங்களைப் பரப்பி வைத்தேன். குளிக்கப் போகவில்லை, கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு, பிரசவ அறை வாசலில் இருப்பதுபோல இருந்தேன். நடு எழும்பியது, ஓரம் பொன்னிறமானது. ஈர்க்கு ஒன்றால் குத்திப் பார்த்தேன். ஈரமில்லாமல் வந்தது.

ஒரு துண்டை அவளுக்கு வைத்தேன். முதல் வாயை மெல்ல வெகுநேரம் எடுத்தாள்.

"உப்புக் காணாது."

"உப்பு எனக்குக் கூடாது."

"ஓம், அதுவும் சரிதான்," என்று மிச்சத்தையும் சாப்பிட்டாள். பிறகு போனை எடுத்தாள். "பிள்ளை, டிக்கெட்டைப் போடு."

அவள் போய்விட்டாள். பேரன் பிறந்துவிட்டான். புதிய இடியப்பத் தட்டுகளும் வாங்கினேன், அவள் வந்து அவிக்கட்டும் என்று. வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தும் அவற்றை வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை. ஒவனுக்குள்தான் வைத்திருக்கிறேன். காலையில் ரேடியோவைப் போட்டு, தட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கி, முட்டையை வேக வைத்து, ஒவன் ஆறியதும் திரும்ப உள்ளே வைக்கிறேன்.

நான் சாப்பிடுகிற நேரம் அங்கே இரவு. அவள் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வீடியோ கோல் எடுப்பாள். சுகமோ என்று கேட்பதில்லை.

"உள்ளுக்குப் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்," என்பேன். போனைத் திருப்பி மேசையிலிருக்கும் தட்டுகளைக் காட்டுவேன். அவள் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவாள்.