கழற்றாமல் விட்ட நாலு சட்டை

என் தையற்கடை அலுமாரியின் மேல்தட்டில், பள்ளிக்கூடச் சீருடைத் துணிகளுக்குப் பின்னால், ஒரு நீலச் சட்டையை மடித்து வைத்திருக்கிறேன். கையில்லாத சட்டை. முன்பக்கம் ஆறு கொக்கிகள். அவற்றில் மூன்று துருப்பிடித்துவிட்டன. முதுகுப்பக்கம் இரண்டு சின்னப் பைகள். ஒன்று தோள்பட்டைகளுக்கு நடுவே, மற்றது இடுப்புப்பக்கம் நாரிக்குக் கீழே. ஒவ்வொன்றிலும் ஒரு தீப்பெட்டிதான் நுழையும். எத்தனை தரம் தோய்த்தாலும் ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. கடைக்கு வரும் பெண்கள் கண்டுவிட்டால், "இதென்னக்கா, ஆம்பிளையளுக்கும் பிளவுஸ் தைக்கத் தொடங்கிட்டியளோ?" என்பார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பேன். முழுக்கதையையும் சொல்ல எனக்கு வாய் வராது. ஆட்கள் முன்னால் பேச வேண்டுமென்றால் இந்த வயதிலும் கை வேர்க்கிறது. எழுதினால் வேர்க்காது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கடை உட்துறைமுகப் பக்கம், மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மேல்மாடியில் ஒரு முதுகு டொக்டர் அம்மா இருந்தார். அவருடைய படிப்புக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையாலேயே தொட்டுப் பார்த்து, அழுத்தி, அசைத்துச் சரிசெய்வது. வெளிநாட்டில் படித்து, அங்கேயே பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அறுபது வயதை நெருங்கும்போது பிறந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். "நான் மருந்து தாற டொக்டர் இல்லை" என்று ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்துவார். கேட்டு முடித்ததும், "சரி டொக்டர்" என்பார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்கள், பஸ் சாரதிகள், கிண்ணியா வயல்களிலிருந்து வரும் கமக்காரர்கள் என்று படியெல்லாம் ஆட்கள் குந்தியிருப்பார்கள். ஏறும்போது முனகிக்கொண்டு ஏறியவர்கள் இறங்கும்போது கதைத்துக்கொண்டு இறங்குவதை என் மெஷினடியில் இருந்தபடியே கேட்பேன்.

என் அண்ணாவையும் நான்தான் அந்தப் படியால் ஏற்றினேன். அண்ணா நிலாவெளிக் கடற்கரையில் நின்று கரைவலை இழுப்பவர். நாரி நோவினால், கீழ்முதுகு வலியால், ஒரு பக்கம் சரிந்து நடந்துகொண்டிருந்தார். டொக்டர் பல தடவை பார்த்து நோவைக் குறைத்தார். கடைசி நாளில், "இனி வலை இழுக்கவேண்டாம், தம்பி" என்று சொல்லிவிட்டார். அண்ணா அதை அப்படியே கேட்டார். ஹோட்டல்களுக்குப் போகும் வழியில் ஒரு பெட்டிக்கடை போட்டு, சோடாப் போத்தல்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கடலுக்கு முதுகு காட்டித்தான் கதிரையைப் போட்டிருந்தார். நோ போனது. ஆனால் சிரிப்பும் கதையும் அதோடு போயின. வலை இழுக்கும்போது கரையில் பாட்டுப் பிடிக்கிறவரே அவர்தான்.

ஒருநாள் டொக்டர் தன் வெள்ளைக் கோட்டின் கையைச் சிறிதாக்க வந்தார். "அண்ணா எப்பிடி, தங்கச்சி?" என்று கேட்டார்.

"நோ இல்லை, டொக்டர். ஆளும் இல்லை" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. வந்த தைரியம் போவதற்குள் இன்னொன்றையும் கேட்டேன். "வலை இழுக்கேக்க முதுகு எவ்வளவு வளையுது எண்டு என்னெண்டு அளந்தனீங்கள்?"

குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாழ்கிற ஒருத்திக்கு வருகிற சந்தேகம் அது. டொக்டர் கோட்டுக்குள் ஒரு கை நுழைத்தபடி நின்றுவிட்டார்.

"அளக்கேல்லை" என்றார். "புத்தகத்தில இருந்ததைச் சொன்னனான். அதுவும் எங்கேயோ பெட்டி தூக்கிற ஆக்களை அளந்து எழுதினது. மணலில நிண்டு வலை இழுக்கிறவனை ஆர் அளந்து பாத்தது?"

அந்தக் கடைசி வசனம் அன்றிலிருந்து அவருக்குப் பழக்கமாகிப்போனது. யார் எதை உறுதியாகச் சொன்னாலும், "ஆர் அளந்து பாத்தது?" என்பார்.

அந்த நாட்களில் அவர் வாரத்தில் இரண்டு நாள் விடிய ஆறு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து வகுப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பல ஊர்களில் அவரைப்போல் தொழில் செய்பவர்களும், உடம்பு அசைவதைக் கருவிகளால் அளந்து ஆராய்கிறவர்களும் ஒன்றாகச் சேரும் வகுப்பு அது. பயோமெக்கானிக்ஸ் என்று ஒரு பெரிய சொல் சொல்வார். வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கொப்பியோடு படியிறங்கி வந்து, அன்று படித்ததை என் அயன் மேசையில் செய்து காட்டுவார். என் கேள்வியை அவர் அந்த வகுப்பில் போய்க் கேட்டார். படிப்பித்த பேராசிரியை, "எனக்கும் தெரியாது. அளந்து பாருங்கள்" என்று சொல்லி, தீப்பெட்டியளவில் பதினாறு கருவிகளைத் தபாலில் இரவல் அனுப்பினார். உடம்பு எவ்வளவு சரிகிறது என்று நொடிக்கு நொடி பதிந்து வைக்கும் கருவிகள். ஒரு மாதத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த மாதத்துக்குள் அண்ணாவின் வலைக்கயிறு அவருக்குத் திரும்பக் கிடைக்குமா, இல்லையா? எனக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான். டொக்டருக்கும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

வாடைக் கடல் அடங்கிக் கரைவலைக் காலம் தொடங்கியிருந்தது. டொக்டர் புல்மோட்டை பஸ்ஸில் நிலாவெளிக்குப் போய், எட்டுப் பேரின் முதுகில் கருவிகளைப் பிளாஸ்டரால் ஒட்டினார். வேர்வையும் உப்புத் தண்ணீரும் பட்டுக் கால்மணி நேரத்தில் எல்லாம் கழன்று தொங்கின. ஒன்று கடலுக்குள் விழுந்து, கடைசியில் மீனோடு மீனாக வலையின் மடிக்குள் வந்து சேர்ந்தது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "டொக்டர் அம்மா, உங்கட தீப்பெட்டிக்கும் ஒரு பங்கு வைக்கவோ?" என்று கேட்டாராம். டொக்டர் வாடிய முகத்தோடு வந்து என் கடையில் உட்கார்ந்தார்.

"ஒட்டேலாது, டொக்டர்" என்றேன். "தைக்கோணும்."

முதுகுத் துணியைக் குறுக்காக வெட்டினால் அது உடம்போடு சேர்ந்து வளையும். நேராக வெட்டினால் உடம்போடு சண்டை பிடிக்கும். இருபது வருடம் பிளவுஸ் தைத்த கைக்கு அது தெரியும். ஆனால் அளவெடுக்க வேண்டுமே! மேலுடம்பில் துணியில்லாத எட்டு மீனவர்களை நான் அளப்பதா? அண்ணாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டிக்கடையைப் போட்டபின் அவர் கரைக்கு வந்தது அன்றுதான். அவர் நாடாவைப் பிடித்து அளவைச் சொல்ல, நான் மறுபக்கம் திரும்பி நின்று கொப்பியில் எழுதினேன். முதுகுக்குப் பின்னால் ஒரே சத்தம்.

"அண்ணை, எனக்குக் கழுத்தை இறக்கி வெட்டச் சொல்லுங்கோ!"

"இவனுக்குத் தொப்பையையும் சேத்து அளவுங்கோ, இல்லாட்டிக் கொக்கி தெறிச்சு டொக்டரின்ர கண்ணில படும்!"

"வாயை மூடடா. உனக்கு நெஞ்சே இல்லை, நாடா வழுகுது" என்று அண்ணா சொன்னது கேட்டது. அதைத் தொடர்ந்து அவருடைய பழைய சிரிப்பும் கேட்டது. என் பேனை ஒரு நிமிடம் எழுதவில்லை.

எட்டு நீலச் சட்டைகளோடு மறுபடியும் போனோம். கரைவலையை இரண்டு கயிற்றில், இரண்டு கூட்டமாக, ஒருவரையொருவர் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் நின்று இழுப்பார்கள். ஒரு கூட்டத்தில் நாலு பேருக்கும் மற்றதில் நாலு பேருக்கும் சட்டை போட்டோம். டொக்டர் அந்தக் கயிற்றடிக்குப் போனார். இந்தக் கயிற்றடியில் நானும் ஒரு பிஸ்கட் தகரப் பேணியும் நின்றோம். எனக்குத் தரப்பட்ட வேலை ஒன்றுதான். "மடி கரையேறின உடன சட்டையளைக் கழட்டி வாங்கிப் பேணிக்குள்ள வையுங்கோ. இழுவை மட்டும்தான் வேணும்."

சட்டைகள் அசையவில்லை! பின்னுக்குச் சாய்ந்து, குதிகாலை மணலில் புதைத்து, பாட்டுக்கு ஒரு அடியாக அவர்கள் வர, என் தையல் அவர்களுடைய முதுகோடு முதுகாக வந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பிறகு மடி கரையேறியது. மடி நிறையக் கீரி மீன், வெள்ளியாகத் துள்ளியது. எல்லாரும் அதை நோக்கி ஓடினார்கள். நான் பேணியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி... சட்டை..." என்றேன். அது என் காதுக்கே கேட்கவில்லை. அந்த ஆண்களின் கூட்டத்துக்குள் போய், ஒருவனின் கையைப் பிடித்து நிறுத்தி, கொக்கியைக் கழற்று என்று சொல்ல எனக்கு ஏலாமல் போனது. மீனைப் பிரித்தார்கள். வலையை உதறினார்கள். நனைந்த கயிற்றை மணலிலிருந்து குனிந்து அள்ளிச் சுருட்டினார்கள். சுருளைத் தோளில் ஏற்றித் தோணிக்குள் போட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எல்லாம் முடிந்தபின் ஒருவன் தானாக வந்தான்.

"அக்கா, உங்கட பிளவுஸைத் திருப்பித் தரவோ? இல்லாட்டி மனுசிக்குக் கொண்டுபோகவோ?"

டொக்டர் தன்னுடைய நாலையும் நேரத்துக்குக் கழற்றியிருந்தார். என் பேணி வெறுமையாக இருந்ததைப் பார்த்தார். "வெக்கமா இருந்தது, டொக்டர்" என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஒரு வேலை தந்தனான், தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். பஸ் ஏற்றிவிட வந்த அண்ணா ஒரு கச்சான் கடலைச் சுருளை என் கையில் வைத்தார். ஒரு கச்சானைக்கூட நான் உடைக்கவில்லை.

மூன்று நாள் அவர் கடைப்பக்கம் வரவில்லை. நாலாம் நாள் காலை, நான் பூட்டைத் திறக்கும்போதே மேல்மாடியில் கதவு அடிபட்டது. டொக்டர் செருப்பில்லாமல், ஈரத்தலையோடு, கணினியை ஏணைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு படியால் ஓடிவந்தார். "தங்கச்சி, இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ!" திரையில் எட்டுக் கோடுகள். எட்டும் சின்னச் சின்ன அலையாகப் போயின. டொக்டர் கழற்றிய நாலு சட்டையின் கோடுகளும் ஓரிடத்தில் நின்றுவிட்டன. மற்ற நாலும் தொடர்ந்து போய், திடீரென்று மலை மலையாக எழும்பின.

"அலை இழுவை. இழுக்கேக்க முதுகு பெரிசா வளையவே இல்லை. பேராசிரியை கேக்கிறா, பிறகு வாற இந்த மலையள் என்ன எண்டு. எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் நிண்டனான். நீங்கள்தான் பாத்தனீங்கள்."

நான் கோட்டை ஒரு விரலால் தொட்டேன். தையல் வளைவைப் பார்க்கிறதுபோல் அதைப் பார்த்தேன். மீன் பிரித்தது, வலை உதறியது... எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தது. "கயிறு சுருட்டினது, டொக்டர்" என்றேன். "ஒவ்வொரு மலையும் ஒரு குனிவு. இந்தப் பெரிசு, சுருளைத் தோளில ஏத்தினது."

டொக்டர் மேலே ஓடிப்போய் அண்ணாவின் பழைய நோயாளி அட்டையை எடுத்து வந்தார். டொக்டருடைய கையெழுத்திலேயே இருந்தது: வலை முடிந்தபிறகுதான் நோ தொடங்குகிறது. "அவர் சொல்லியிருக்கிறார். நான் எழுதியிருக்கிறன். கேக்கேல்லை" என்றார்.

அன்று நோயாளிகளைக் காத்திருக்க வைத்துவிட்டு நிலாவெளிக்குப் போனோம். டொக்டர் பெட்டிக்கடைக்கு முன்னால் வெயிலில் நின்று, "தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார். இவ்வளவு படித்த ஒருவர் அந்த வார்த்தையை அவ்வளவு நேராகச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணா எழுந்து நின்றார்.

"அப்ப நான் இழுக்கலாமோ?"

"இது உங்கட கரையில நாலு பேரின்ர கணக்கு மட்டும்தான். உங்களைத் திரும்பச் சோதிக்கோணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் தொடங்கோணும். கயிறு சுருட்டுறதும் தூக்கிறதும் வேண்டாம்."

"இழுக்கலாமோ எண்டுதான் கேட்டனான், டொக்டர்."

"ஓம்" என்றார் டொக்டர். அண்ணா கதிரையைத் தூக்கிக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டு, எங்களுக்குச் சோடா உடைத்தார்.

சில வாரங்கள் டொக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்தபின் அவர் கயிற்றைத் தொட்டார். பாட்டு அவர் வாயிலிருந்து வந்தபோது அந்தக் கூட்டமே அரை அடி கூடுதலாகப் பின்னுக்குப் போனதுபோல் எனக்குத் தெரிந்தது. அதை யாரும் அளக்கவில்லை, டொக்டர் மன்னிக்க வேண்டும். கயிற்றைச் சின்னச் சுருளாக்கி இரண்டு பேராகத் தூக்கும் வழக்கம் அங்கே வந்தது. "ஒராள் செய்யிற வேலைக்கு ரெண்டாளோ?" என்று சம்மாட்டி முறுமுறுத்தார். அடுத்த கிழமை அவரே நாரியைப் பிடித்துக்கொண்டு எங்கள் படியில் குந்தியிருந்தார்.

பிறகு ஒரு காலை டொக்டர் தன் வகுப்புக்கு இதையெல்லாம் சொல்லும் முறை வந்தது. என்னை மேலே கூப்பிட்டார். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். "இந்த மலையளைக் கண்டுபிடிச்சது நான் இல்லை" என்று சொல்லி என்னை முன்னால் தள்ளிவிட்டார். கை வேர்த்தது. இரண்டு வசனம் சொன்னேன். "துணியைக் குறுக்காக வெட்டினேன். வெட்கத்தில் சட்டைகளைக் கழற்றி வாங்காமல் நின்றுவிட்டேன்." டொக்டர் அதை மொழிபெயர்த்ததும் எல்லாக் கட்டங்களும் சிரித்தன. பிறகு பேராசிரியை குனிந்து ஏதோ எழுதினார். வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிற இடத்தில் அளப்பதை நிறுத்தக்கூடாது என்று எழுதியதாக டொக்டர் பிறகு சொன்னார்.

டொக்டர் இப்போது இங்கே இல்லை. அந்தப் பேராசிரியையோடு சேர்ந்து, சின்ன ஊர்களில் தொழில் செய்கிறவர்களின் கேள்விகளை ஆராய்ச்சிக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைக்குப் போய்விட்டார். மேல்மாடியில் ஒரு கணினி வகுப்பு நடக்கிறது. படியில் யாரும் முனகுவதில்லை. ஆனால் சென்ற கிழமை என் தொலைபேசியில் அவருடைய குரல் வந்தது. மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களை அளக்கப் போகிறார்கள். பன்னிரண்டு சட்டை வேண்டும். "இந்த முறை பொம்பிளையள்தான், தங்கச்சி. நீங்களே வந்து அளவெடுக்கலாம். ஆரும் அவசரப்பட்டுச் சட்டையைக் கழட்டி வாங்கப் போனா, கொஞ்சம் வெக்கப்படச் சொல்லிக் குடுங்கோ."

மலையகத்துக்குப் போகும் பதுளை பஸ் எத்தனை மணிக்கு என்று நானே போய் விசாரித்தேன். இன்று காலை நீலச் சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்து, உப்பைத் தட்டி, மேசையில் விரித்து, அதை வைத்து மாதிரிக்கு ஒரு புதுத் துணியைக் குறுக்காக வெட்டினேன். பழைய சட்டையில் ஆறு கொக்கி. இதில் ஏழு வைத்திருக்கிறேன். கழற்றக் கொஞ்சம் நேரம் எடுக்கட்டும்.