அவர் சொல்லாமல் விட்ட பெயர்

தேனியில் காவலர்களான எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. வன்முறைக்கு ஆளான பெண்களோ, கடத்தப்பட்டவர்களின் குடும்பத்தாரோ புகார் தர வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கான பயிற்சி. இருபது வருட சர்வீஸில் எனக்குத் தெரியாததா என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் பேச வந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கோம்பை ஊர்க்காரர். மில் வேலை என்று புரோக்கர் கூட்டிப்போன தங்கையிடமிருந்து போனே வரவில்லை என்று முன்பு என்னிடம்தான் புகார் சொல்ல வந்தார்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“ஸ்டேஷன்ல இருந்தவக, ‘எவன்கூடப் போனாளோ, ரெண்டு நாள் பொறுத்து வா’ன்னு சொல்லிச் சிரிச்சாக. ஏழு மாசங்கழிச்சுத்தான் அவள மீட்டோம். அடைச்சு வச்சிருந்திருக்காக. இப்பவும் கதவச் சாத்தினா அலறுறா.”

சிரித்தது நான்தான்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் ஓடினேன். “தப்புப் பண்ணிட்டேம்மா. எம் பேரச் சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொல்லலாம் சார். சொன்னா மத்தவகல்லாம், தப்பு ஒங்களோடது மட்டுந்தான்னு நிம்மதியா எந்திரிச்சுப் போயிருவாக” என்றார்.

இப்போதெல்லாம், காணவில்லை என்று யார் வந்தாலும் உடனே புகாரை எழுதிக்கொள்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த ஏழு மாதங்களை என்னால் அவருடைய தங்கைக்குத் திருப்பித் தர முடியாது.